முதல் படத்தில் ரயில் இல்லை



இந்தப் பதிவோடு ஒன்பது படங்கள் போட்டிருக்கிறேன். எல்லாம் ரயில் படங்கள், எல்லாம் நானே எடுத்தவை. முதல் படத்தைப் பார்த்ததும் "ஸார், இதுல ரயில் எங்க?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. வலது ஓரத்தில் உற்றுப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு பெருக்கல் குறி பாதி தெரியும். அது கடைசிப் பெட்டியின் முதுகு. வண்டி முழுசாகப் போய்விட்டது, நடுவில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று ஸ்டேஷன்காரர்களுக்குத் தெரிவதற்காகப் போட்டிருக்கும் குறி. இத்தனை வருஷம் வகுப்பில் பெருக்கல் சொல்லிக் கொடுத்தவனுக்கு முதல் படத்தில் கிடைத்ததும் பெருக்கல் குறிதான்.

கேமரா என் கைக்கு வந்த கதையைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை மேலே தூக்கி வைக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அரிசி மூட்டையைத் தூக்கினோம், மிக்ஸியைத் தூக்கினோம். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால் ஆல்பம் எல்லாம் கூழ். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த படங்களைப் பிரித்தபோது முகங்கள் தோல் உரிந்த மாதிரி வந்துவிட்டன. அப்பாவை முழு உருவமாக எடுத்த ஒரே படமும் அதில் போயிற்று. ஸ்டூடியோவில் நாற்காலியைப் பிடித்தபடி நிற்பார். இப்போது நாற்காலி மட்டும் இருக்கிறது.

அந்தப் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்ய உதவ வந்த மகன், பெங்களூரில் பீரோவில் கிடந்த பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றையும் கொண்டுவந்தான். கேனன் கம்பெனி, உள்ளங்கையில் அடங்கும் அளவு. "செல்போன் வந்தப்புறம் இதை யாருமே தொடலப்பா. இனிமே எடுக்கிறதையாவது பத்திரமா வச்சுக்கலாம்ல" என்றான். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. அவன்தான் எனக்கு வாத்தியார். பொத்தானைப் பாதி அமுக்கினால் 'பீப்' சத்தம் வரும், அப்புறம் மீதியை அமுக்க வேண்டும். எனக்கு அந்தப் பாதி வரவே இல்லை. ஒரே அமுக்காக அமுக்கினேன். "தாத்தா, எத்தனை தடவ சொல்றது? பாதி, பாதி!" என்று அவன் கத்தினான். இதே வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் பின்னத்துக்காகக் கத்தியிருக்கிறேன்! அன்று நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

வீட்டில் பூனை, செம்பருத்தி, அடுப்படியில் என் மனைவி என்று எடுத்துப் பழகினேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை. "வேற எங்கயாவது போய் எடுங்க" என்றாள். போனது ரெண்டாம் கேட்டுக்கு.

தூத்துக்குடிக்காரர்களுக்கு ரெண்டாம் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். ரயில் பாதை ஊருக்குள் புகுந்து வருகிறது. ஒன்றாம் கேட், ரெண்டாம் கேட் என்று எண்ணித்தான் நாங்கள் வழி சொல்வோம். கேட் அடைத்தால் பைக், ஆட்டோ, பள்ளி வேன் எல்லாம் நிற்கும். அன்று வரைக்கும் அங்கே நின்றால் ரயிலைத் திட்டிக்கொண்டிருப்பவன் நான். அன்றுதான் முதல் முறையாக, கேட் எப்போது அடைப்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன். பழைய மாணவன் ஒருவன் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன ஸார், எந்த சேனல்ல சேந்திருக்கீய?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பொத்தானை அமுக்க மறந்து, அமுக்கியபோது வந்ததுதான் மேலே சொன்ன பெருக்கல் குறி.

மறுநாள் போனேன். ஆட்டோக்காரன் இல்லை. ஆனாலும் படத்தில் எஞ்சின் இல்லை, மூன்றாவது பெட்டிதான் இருந்தது. இந்த மாதிரிப் பழைய கேமராவில் நாம் அமுக்குவதற்கும் படம் விழுவதற்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. கேமரா முதலில் தூரத்தைக் கணிக்கும், அப்புறம் வெளிச்சத்தைக் கணிக்கும், அப்புறம்தான் திறந்து மூடும். பேரனிடம் போனில் புலம்பினால், "முன்னாடியே அமுக்கணும் தாத்தா" என்றான். எவ்வளவு முன்னாடி என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏழாம், எட்டாம் வகுப்புக்காரர்களுக்கு எத்தனை வருஷம் ரயில் கணக்கு போட்டிருக்கிறேன்!

ஞாபகம் இருக்கிறதா? கிலோமீட்டரை மீட்டராக்க, மணியை வினாடியாக்க, 5/18-ஆல் பெருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்து ரயில்கள் எப்போதும் 36, 54, 72 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும், விடை முழு எண்ணாக வர வேண்டும் என்பதற்காக. மணிக்கு 72 என்றால் வினாடிக்கு 20 மீட்டர். ஒரு மின்சார எஞ்சினின் நீளமே ஏறக்குறைய 20 மீட்டர்தான். என் கேமரா அரை வினாடி தாமதித்தால் பாதி எஞ்சின் போய்விடும். ஒரு வினாடி தாமதித்தால் எஞ்சினே போய்விடும். இன்னொரு கணக்கு: 1/50 வினாடி திறந்து மூடினால் அந்த நேரத்துக்குள் வண்டி 40 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அதனால்தான் எழுத்தெல்லாம் இழுத்த மாவு மாதிரி இருந்தது. 1/1000 வினாடி என்றால் 2 சென்டிமீட்டர்தான். எழுத்து நிற்கும். நோட்டில் எழுதிப் போட்டுப் பார்த்து, விடை சரியாக வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! அந்தக் கணக்கை வாழ்க்கையில் யாராவது எதற்காவது பயன்படுத்துவார்களா என்று உங்களில் ஒருவன் வகுப்பில் கேட்டான். முறைத்து உட்கார வைத்தேன். தம்பி, பயன்பட்டுவிட்டது.

அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பாதை ஓரத்தில் மின்கம்பிக்காக நட்டிருக்கும் கம்பங்களில் ஒன்றைக் குறி வைத்து, பொத்தானைப் பாதி அமுக்கிப் பிடித்துக்கொள்வது. தூரக் கணக்கு முதலிலேயே முடிந்துவிடும். எஞ்சின் அந்தக் கம்பத்தை நெருங்கும்போது மீதியை அமுக்க வேண்டியதுதான். இரண்டாவது, மூன்றாவது படங்கள் அப்படி எடுத்தவை. விரல் வலித்தது, ஆனால் எஞ்சின் முழுசாக விழுந்தது.

செல்போனில் ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்பீர்கள். எடுத்தேன். நான்காவது படம் செல்போனில் எடுத்தது. ஜன்னல்கள் எல்லாம் சாய்ந்திருக்கின்றன பாருங்கள், வண்டி காற்றில் வளைந்த மாதிரி. செல்போன் படத்தை ஒரே நொடியில் வாங்குவதில்லை, வரி வரியாக வாங்குகிறது. மேல் வரியை வாங்கிவிட்டுக் கீழ் வரிக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. பேரன் சொல்லி, அப்புறம் நானே ஒரு அட்டையில் கீறல் போட்டு நகர்த்திப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

நம் ஊர்ப் பாதைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கிழக்கே கடல், பாதை மேற்கே போகிறது. சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் காலையில் கிழக்கு முகமாக ஊருக்குள் வரும். அதன் முகத்தில் உதிக்கிற வெயில் விழும். மைசூர் எக்ஸ்பிரஸ் மாலையில் மேற்கு முகமாகப் புறப்படும். அதன் முகத்தில் அடைகிற வெயில் விழும். இரண்டு வேளையும் நாம் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் போதும். என்ன, முத்துநகர் சரியான நேரத்துக்கு வந்தால் தை மாதத்தில் வெளிச்சம் போதாது. எஞ்சின் விளக்கு மட்டும் வெள்ளையாக ஊதிப்போய் விழும். அந்த வண்டி அரைமணி நேரம் தாமதமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே ஆள் தூத்துக்குடியில் நானாகத்தான் இருப்பேன்.

எஞ்சின் முகத்தில் இருக்கும் எழுத்துகளைப் படத்தைப் பெரிதாக்கிப் படிக்கப் பழகினேன். முத்துநகர் எஞ்சினில் டபிள்யூஏபி-7 என்று இருந்தது. டபிள்யூ என்றால் அகலப் பாதை. ஏ என்றால் ஏ.சி. மின்சாரம். பி என்றால் பயணிகள் வண்டி. 7 அந்த வகையின் எண். சரக்கு எஞ்சினாக இருந்தால் பி-க்குப் பதில் ஜி வரும். மீட்டர்கேஜ் எஞ்சின்களுக்கு முதல் எழுத்து ஒய். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த கரி எஞ்சின்கள் எல்லாம் ஒய்பி, ஒய்ஜி. தண்டவாளங்களுக்கு நடுவே அன்று ஒரு மீட்டர், இன்று 1676 மில்லிமீட்டர்.

பாதையும் சின்ன வயசுப் பாதை இல்லை. 1876-ல் போட்டது. 1914-ல் பாம்பன் பாலம் வருவதற்கு முன்பு கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து ரயிலில் நம் ஊருக்கு வந்துதான் கப்பல் ஏறினார்கள். போட் மெயில் என்ற பெயரே அப்படி வந்ததுதான். பாலம் வந்ததும் அந்த வண்டி தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டது. ஐந்தாவது படம் வாஞ்சி மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட இடம். வகுப்பில் சொல்லியிருக்கிறேன், திரும்பச் சொல்லவில்லை.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து ரூபாய்க்கு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி உள்ளே போனேன், அல்லது கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றேன். தண்டவாளத்தில் இறங்கவில்லை. ஒருநாள் ஆர்வத்தில் வேலியைத் தாண்டி நாலடி வைத்ததும் சீருடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "பெரியவரே, ஒங்க வயசுக்கு இது தேவையா?" என்று கேட்டார். தேவையில்லைதான். ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ரீல்ஸ் எடுக்கிறேன் என்று தண்டவாளத்தில் நிற்கும் பேரப்பிள்ளைகளைக் கண்டால் என் சார்பில் காதைத் திருகுங்கள்.

இனி ஒன்பதாவது படம். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பாதைக் கதையெல்லாம் பேசி இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

மீளவிட்டான் பக்கம் ஒரு கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். மேகமூட்டம். பாதையில் ஒருவர் தோளில் சுத்தியலோடு நடந்து வந்தார். ஆரஞ்சு நிறச் சட்டை, முதுகில் பை. கீமேன். என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க. வண்டி வருது" என்றார். அப்புறம், "படம் எடுக்கியளா? எந்தப் பேப்பரு?" என்றார். பேப்பர் இல்லை, சும்மா என்றேன். சிரித்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அவர் நடந்து வந்த நடையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. தண்டவாளக் கட்டைகளின் இடைவெளி மனுஷக் காலடிக்குச் சேராது. ஒவ்வொரு கட்டையிலும் கால் வைத்தால் குட்டை நடை, ஒன்று விட்டு ஒன்று வைத்தால் தாவல். வருஷக்கணக்கில் அதில் நடந்தவர்களுக்கு ஒரு தனி நடை வந்துவிடும். என் அப்பா எங்கள் தெருவிலும் அப்படித்தான் நடப்பார். கோவிலுக்குப் போனாலும் அப்படித்தான்.

என் அப்பா கீமேன். தட்டப்பாறைப் பக்கம் அவருக்குப் பாதை. விடியற்காலையில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புப் பச்சைக் கொடி, ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைக்கும் வேட்டுகள் உள்ள தகர டப்பா எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்புவார். தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்புக்கு 'கீ' என்று பெயர். வண்டி ஓட ஓட அது இளகும். அடித்து ஏற்ற வேண்டும். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவார், வரும்போது மற்றதைப் பார்த்துக்கொண்டு வருவார். தண்டவாளம் சேரும் இடத்து ஃபிஷ் பிளேட்டுகளில் போல்ட் முடுக்குவார். "உப்புக் காத்து இரும்பத் திங்குதுடா" என்பார். வெயிலானாலும் மழையானாலும் தினமும் அதே பாதை.

இதை உங்களில் யாருக்கும் நான் சொன்னதில்லை. ஆசிரியர் பயிற்சியில் சேரும்போது தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'ரயில்வே' என்று எழுதினேன். விடுதியில் ஒருவர், "ஸ்டேஷன் மாஸ்டரா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை அப்புறம் மாற்றவே முடியவில்லை.

1985-ல் முப்பது பிள்ளைகளை மணியாச்சிக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். மீட்டர்கேஜ் பாசஞ்சர், கரி எஞ்சின். சக ஆசிரியர் ஒருவரின் ஹாட் ஷாட் கேமரா என் கழுத்தில் கிடந்தது. 36 படம் எடுக்கும் ஃபிலிம், அதில் மூன்று மிச்சம். தட்டப்பாறை தாண்டி வண்டி மெதுவாகப் போகும்போது பாதை ஓரத்தில் ஒருவர் பச்சைக் கொடியைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். "ஸார், அங்க ஒரு தாத்தா கொடி காட்டுறாரு!" என்று ஒரு பிள்ளை கத்தினாள். எல்லோரும் ஜன்னலில் நெருக்கியடித்துக் கை காட்டினீர்கள். அவரும் கை காட்டினார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலிலிருந்து உள்ளே நகர்ந்து, ஃபிலிமில் எத்தனை மிச்சம் என்று பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பா, "பிள்ளைய எல்லாம் சந்தோசமாப் போச்சுதா?" என்று மட்டும் கேட்டார். அந்த வருஷமே ரிட்டயர்டு ஆனார். 1996-ல் போய்ச் சேர்ந்தார்.

அந்த வண்டியில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். நீங்கள் கை காட்டிய தாத்தா என் அப்பா.

வெள்ளத்தின்போது ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நின்ற செய்தியைப் பார்த்திருப்பீர்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி, உள்ளே சுமார் 800 பேர். அதற்கு மேல் விடாமல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் செய்துங்கநல்லூருக்கு நடுவே ஜல்லியெல்லாம் அடித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படம் எல்லோருடைய செல்போனிலும் வந்தது. எனக்கும் வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் நிற்க, மேஜை மேல் உட்கார்ந்து அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை ராத்திரிகளில் அப்பா ரோந்து போன நாள்கள் ஞாபகம் வந்தன. அந்த நேரத்தில்தான் அவருடைய படம் என் கட்டிலுக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

மீளவிட்டான் கேட்டுக்குத் திரும்புகிறேன். சரக்கு வண்டி வந்தது. கம்பத்தைக் குறி வைத்து, பொத்தானைப் பாதி அமுக்கி எல்லாம் தயாராகத்தான் இருந்தேன். கடைசி நொடியில் கை தானாக அவர் பக்கம் திரும்பியது. வெளிச்சம் குறைவு என்பதால் கேமரா மெதுவாகத் திறந்து மூடியிருக்கிறது. வண்டி முழுக்கக் கரைந்து பழுப்புக் கோடுகளாக ஓடுகிறது. அவர் மட்டும் அசையாமல் நிற்கிறார், சக்கரங்களையே பார்த்தபடி. சட்டையின் மடிப்பு வரைக்கும் தெரிகிறது. பேரனுக்கு அனுப்பினேன். "ஃபெயில் தாத்தா, ரயில் அசைஞ்சுருச்சு" என்றான்.

வண்டி போன பிறகு அவரிடம் கொஞ்ச நேரம் பேசினேன். இப்போது கான்கிரீட் கட்டை, அடித்து ஏற்ற ஆப்புக்குப் பதில் வளைந்த கிளிப். பையில் ஜி.பி.எஸ். கருவி ஒன்று இருக்கிறது, அவர் எங்கே நடக்கிறார் என்று அது சொல்லிவிடும். ஆனாலும் பெயர் கீமேன்தான், நடையும் அந்த நடைதான். எங்க அப்பாவும் கீமேன் என்று சொன்னேன். என் வாயால் வெளி ஆளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. "அப்படியா அண்ணாச்சி! எந்த செக்ஷன்?" என்று கேட்டார். அவருக்கு அது சாதாரண விஷயம். படத்தைக் காட்டியதும், "இத எனக்கு அனுப்புங்க. எம் மவ பாக்கட்டும், நா என்ன சோலி பாக்கேன்னு" என்றார். முகம் தெரியும் படத்தை அவருக்கு மட்டும் அனுப்பினேன். இங்கே போட்டிருப்பது பக்கவாட்டில் எடுத்தது, அவரிடம் கேட்டுத்தான் போட்டிருக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். 1985 சுற்றுலாவுக்கு வந்தவர்கள், அந்தக் காலத்தில் தட்டப்பாறை, மீளவிட்டான், மணியாச்சிப் பக்கம் படம் எடுத்தவர்கள், பழைய ஆல்பங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கல்யாண வீட்டுக்கு ரயிலில் போனபோது எடுத்தது, ஜன்னலிலிருந்து எடுத்தது, பிளாட்பாரத்தில் குடும்பத்தோடு நின்று எடுத்தது, எதுவானாலும் சரி. உங்கள் முகங்களுக்குப் பின்னால் பாதையில் காக்கி உடையில் ஒல்லியாக ஒருவர், தோளில் நீளக் காம்புச் சுத்தியலோடு நின்றால், அந்தப் படத்தைக் கொஞ்சம் எனக்கு அனுப்புங்கள். ஓரத்தில் பாதி ஆள் தெரிந்தாலும் போதும்.